படியெடுத்தலும் நம்பிக்கையும்: கணினிக் கோப்புகளின் காப்பான பயணம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுப்பதையும், நைந்த ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதுவதையும், ஒரு கணினியில் உள்ள கோப்பை இன்னொரு கணினியில் இறக்குவதையும் 'படியெடுத்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். மூன்றிலும் எழும் கேள்விகளும் ஒன்றே. நாம் மூலம் என்று கொண்டது உண்மையில் அந்த மூலந்தானா? இடையில் எவரேனும் கை வைத்தார்களா? வந்து சேர்ந்தது முழுமையாக வந்ததா?

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏட்டுப்படிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியே பாடத்தை முடிவு செய்தார். எந்த ஏட்டையும் அது வந்த இடத்தின் பெருமையை மட்டும் கொண்டு அவர் நம்பிவிடவில்லை. இன்று நம் கையில் இருப்பவை ஏடுகளின் ஒளிப்படங்கள், கல்வெட்டு மைப்படிகளின் மின்வடிவங்கள், பழைய பள்ளிப் பதிவேடுகளின் வருடல்கள். மூலம் செல்லரித்துப் போன பிறகு, இவற்றுள் சில எஞ்சிய ஒரே சான்றாக நிற்கக்கூடும். ஆகவே கோப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கணினிப் பொறியாளரின் கவலை என்று ஒதுக்கிவிட வரலாற்று மாணவர்க்கு இயலாது. அதனால்தான் 'எஸ்.சி.பி.' என்னும் சிறு கட்டளையின் வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறேன். பாதையைப் பூட்டிவிட்டால் சுமையும் நல்லதாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு காலம் கேள்வியின்றி நீடிக்க முடியும் என்பதற்கு இந்தக் கட்டளை ஒரு சான்று.

1983: நம்பிக்கையே நெறிமுறையாக இருந்த காலம்

1983 ஜனவரி 1 அன்று, அமெரிக்க ஆய்வு வலையமைப்பான அர்ப்பாநெட், டி.சி.பி./ஐ.பி. என்னும் இன்றைய இணைய நெறிமுறைக்கு மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அதில் அடங்கியிருந்த சிறு கருவிகளுள் ஒன்று 'ஆர்.சி.பி.'. 'தொலைவிலிருந்து படியெடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. உள்ளூர்க் கோப்பைப் படியெடுக்கும் 'சி.பி.' கட்டளையைப் போலவே இதையும் தட்டச்சிடலாம். பெயருக்கு முன் வேற்றுக் கணினியின் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால் போதும். இந்த எளிமைதான் அதன் பெருமை. இன்றுவரை நாம் அதே வடிவில்தான் தட்டச்சிடுகிறோம்.

வேற்றுக் கணினி நம்மை எப்படி நம்பியது? அதில் 'ஆர்ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். இன்ன கணினியிலிருந்து இன்னார் வந்தால் கடவுச்சொல் கேளாமல் உள்ளே விடு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். வருகிற இணைப்பு 1024க்கும் குறைந்த துறை எண்ணிலிருந்து வந்தால், அதை அனுப்பியது அக்கணினியின் நிர்வாகி அனுமதித்த நிரல்தான் என்று கொள்ளப்பட்டது. அந்த எண்களைத் திறக்கும் உரிமை யூனிக்ஸில் நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. எதிர்க்கணினியின் நிர்வாகி நாணயமானவர், கணினியின் முகவரி பொய் சொல்லாது, இடையில் உள்ள கம்பியை எவரும் ஒட்டுக்கேட்பதில்லை என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் இந்த ஏற்பாடு நின்றது. ஒரே வளாகத்தில், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஆய்வாளர்களிடையே இவை மூன்றும் பொருத்தமானவையே. ஊர்க்கட்டுப்பாட்டில் திறந்தே கிடக்கும் வீட்டுத் திண்ணை போன்ற ஏற்பாடு அது. வலையமைப்பு ஊரைத் தாண்டிய பின்னும் திண்ணை திறந்தே கிடந்தது என்பதுதான் சிக்கல்.

எச்சரிக்கைகளின் பத்தாண்டு

1985 பிப்ரவரியில், பெல் ஆய்வகத்திலிருந்து ராபர்ட் டி. மோரிஸ் என்ற இளைஞர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். 4.2 பி.எஸ்.டி.யில் இணைப்புகளுக்கு இடப்படும் வரிசை எண்களை முன்கூட்டியே ஊகிக்க இயலும், ஆகவே ஒரு கணினி இன்னொரு கணினியின் முகவரியில் பேசி ஏமாற்ற இயலும் என்பது அதன் சாரம். இரண்டாம் நம்பிக்கையின் அடித்தளத்தில் விரிசல் இருப்பதை அது காட்டியது.

மூன்றாண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று அதே மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது வெளிவிட்ட நிரல், இணையத்தின் முதல் பெரும் 'புழு'வாகப் பரவியது. மின்னஞ்சல் நிரலின் ஓட்டை, 'ஃபிங்கர்' சேவையின் ஓட்டை, எளிய கடவுச்சொற்கள் ஆகியவற்றுடன், கணினிகள் ஒன்றையொன்று நம்பிய பட்டியல்களையும் அது வழியாகக் கொண்டது. நண்பர்களுக்குத் திறந்த கதவின் வழியே நண்பரின் வேடத்தில் நுழைந்தது. அம்மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்னும் அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது.

அந்த மையம் 1994 பிப்ரவரியில் விடுத்த அறிக்கை மூன்றாம் நம்பிக்கையையும் தகர்த்தது. ஊடுருவியோர் வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரல்களை நிறுவி, பல்லாயிரம் கணினிகளின் நுழைவு விவரங்களைக் கைப்பற்றிவிட்டனர் என்று அது தெரிவித்தது. டெல்நெட், எஃப்.டி.பி. போன்ற வழிகளில் கடவுச்சொல் திறந்த எழுத்தாகவே கம்பியில் ஓடியது. அஞ்சலட்டையில் எழுதிய ரகசியத்தை வழியில் உள்ள எவரும் படிக்கலாம் என்பது போன்ற நிலை. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பாதுகாப்பு வல்லுநரான சுடோமு ஷிமோமுராவின் கணினிகளே தாக்குதலுக்கு உள்ளாயின. 1985ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்ன அதே வரிசை எண் ஊகத்தால் தாக்கியவர் நம்பிக்கைக்குரிய கணினியாக நடித்து, 'ஆர்ஹோஸ்ட்ஸ்' கோப்பில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்த்தார். 'எந்தக் கணினியிலிருந்தும் எவரும் வரலாம்' என்பது அக்குறிகளின் பொருள். எச்சரிக்கைக்கும் இத்தாக்குதலுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

1995: ஹெல்சின்கியில் ஒரு பூட்டு

பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிலும் 1995இல் இத்தகைய கடவுச்சொல் திருட்டு நடந்தது. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென், தம் பயன்பாட்டுக்கென ஒரு தீர்வை எழுதத் தொடங்கினார். அதுவே 'எஸ்.எஸ்.எச்.'. கோப்புப் பரிமாற்றத்துக்குரிய எஃப்.டி.பி.யின் துறை எண் 21, தொலைநுழைவுக்குரிய டெல்நெட்டின் எண் 23. இரண்டுக்கும் மாற்றாக வந்த கருவிக்கு இடையில் காலியாக இருந்த 22ஐ அவர் மின்னஞ்சலில் கேட்டார்; மறுநாளே கிடைத்தது. 1995 ஜூலை 12 அன்று எஸ்.எஸ்.எச். வெளியிடப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினர்.

இது பெர்க்லியில் பிறக்காமல் பின்லாந்தில் பிறந்ததற்கு அரசியல் சூழலும் துணைநின்றது. வலுவான மறையாக்க நிரலை அமெரிக்கச் சட்டம் அன்று ஆயுதத்தோடு சேர்த்து வகைப்படுத்தி, ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. பி.ஜி.பி. என்னும் அஞ்சல் மறையாக்க நிரலை எழுதிய பில் சிம்மர்மன் மீது அங்கே குற்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. பின்லாந்து ஆய்வாளருக்கு அந்தத் தடை இல்லை.

எஸ்.எஸ்.எச். செய்த மாற்றத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். முகவரியைப் பார்த்து நம்புவதைக் கைவிட்டு, திறவுகோலைப் பார்த்து நம்பும் முறையை அது கொண்டுவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சோடித் திறவுகோல் உண்டு. ஒன்று எல்லோருக்கும் காட்டத்தக்கது, மற்றொன்று அக்கணினியை விட்டு வெளியே போகாதது. வெளியே காட்டியதற்குரிய மறை திறவுகோல் தன்னிடம் இருப்பதை அக்கணினி கணக்கால் மெய்ப்பிக்க வேண்டும். அதன் பின் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு தற்காலிகச் சாவியால் உரையாடல் முழுவதும் மறையாக்கப்படும்.

இந்த மறைவழியின் வழியே கோப்பை அனுப்பவும் ஒரு கட்டளை தேவைப்பட்டது. யூலோனெனும் டிமோ ரின்னேயும் பெர்க்லியின் ஆர்.சி.பி. நிரலையே எடுத்து, அது பேசும் பாதையை மட்டும் மாற்றி, 'எஸ்.சி.பி.' என்று பெயரிட்டனர். பயனர்கள் பழகிய கட்டளை வடிவம் மாறவில்லை. உள்ளே இரு நிரல்களும் பேசிக்கொண்ட பழைய மொழியும் மாறவில்லை. பின்னாளில் வந்த சிக்கலின் வித்து இதுவே.

எஸ்.எஸ்.எச். விரைவில் வணிகப் பொருளாயிற்று. கட்டற்ற உரிமத்தில் எஞ்சியிருந்த பழைய பதிப்பிலிருந்து, கனடாவை மையமாகக் கொண்ட ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் 'ஓப்பன் எஸ்.எஸ்.எச்.'ஐ உருவாக்கி 1999 டிசம்பரில் வெளியிட்டனர். இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் என எங்கும் பெரும்பாலும் காணப்படுவது அதுவே.

அதே கோடையில் இந்தியா

மறையாக்க வழி பிறந்த ஐந்து வாரத்துக்குள், 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தது. அதற்கு முன் 1986 முதல் எர்நெட் திட்டத்தின் கீழ் ஐ.ஐ.டி.கள், இந்திய அறிவியல் கழகம் போன்றவை மட்டுமே வலையில் இருந்தன. வி.எஸ்.என்.எல். வழங்கிய கணக்குகளுள் 'ஷெல்' கணக்கு என்ற வகை ஒன்று உண்டு. படமின்றி எழுத்து மட்டும் தோன்றும் கறுப்புத் திரையில் யூனிக்ஸ் கட்டளைகளைத் தட்டச்சிட்டு அஞ்சல் படிப்பதும் கோப்பு இறக்குவதும் அதன் வழக்கம். அந்தத் தலைமுறை கட்டளை வரியை ஒரு சிறப்புக் கலையாகக் கற்கவில்லை. இணையத்தின் வாசலே அதுவாக இருந்தது.

1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் திருத்திய தமிழ் நூல்களை ஒன்றுசேர்த்தது. அங்கே தமிழ்க் கோப்புகள் நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளோடு நான்காவது ஒன்றையும் எதிர்கொண்டன: வந்து சேர்ந்ததைப் படிக்க முடியுமா? மயிலை, இணைமதி, டிஸ்கி எனக் குறியாக்கங்கள் பலவாயிருந்த காலம் அது. ஒரு பைட்டும் சிதையாமல் வந்த கோப்பும், உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். ஒருங்குறி பரவிய பின் இச்சிக்கல் பெரிதும் ஓய்ந்தது, முற்றும் ஓயவில்லை. 'கொங்கு' என்ற கோப்புப் பெயரில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்குப் படியெடுத்தால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தோன்றும் இரண்டு கோப்புகள் அருகருகே கிடக்கும். தேடினால் ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. ஓகார, ஔகாரப் பெயர்களுக்கும் இதே கதிதான்.

முத்திரையும் மாதிரியும்

எங்கள் மீனாட்சிபுரத்தைத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஓர் உவமை உதவும். தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் நுழையும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறை இங்கே ஒரு சோதனைச் சாவடி வைத்திருக்கிறது. ஒரு வண்டியின் மூடிமேல் முத்திரை உடையாமல் இருந்தால், வழியில் எவரும் திறக்கவில்லை என்பது தெரியும். உள்ளே ஊற்றப்பட்டபோதே பாலில் கலப்படம் இருந்ததா என்பதை முத்திரை சொல்லாது. அதற்கு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எஸ்.எஸ்.எச். என்பது முத்திரை. எஸ்.சி.பி.யின் பழைய மொழியில் மாதிரி எடுக்கும் பழக்கம் போதுமான அளவு இல்லை. நாம் ஒரு கோப்பைக் கேட்டால், எதிர்க்கணினி அதன் அனுமதி எண், அளவு, பெயர் ஆகியவற்றை ஒரு வரியாக அனுப்பி, பின்னர் உள்ளடக்கத்தை அனுப்பும். நம் பக்கத்து நிரல், எதிர்க்கணினி சொன்ன பெயரை அப்படியே ஏற்று எழுதிக்கொள்ளும். கேட்ட பெயரும் வந்த பெயரும் ஒன்றா என்று அது ஒப்பிடவில்லை. ஆகவே கெட்ட எண்ணம் கொண்ட வழங்கி, நாம் கேட்ட கோப்புக்குப் பதிலாக வேறொரு கோப்பை அனுப்பி, நம் கோப்புறையில் ஏற்கெனவே உள்ளதை அழித்தெழுத முடியும். பின்லாந்துப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹாரி சின்டோனென் 2019 ஜனவரியில் இதை வெளிப்படுத்தினார். குறையின் வேர் 1983ஆம் ஆண்டு ஆர்.சி.பி.யில் இருந்தது. எதிரில் இருப்பவர் நாணயமானவர் என்ற முதல் நம்பிக்கை, மறையாக்கத்தின் போர்வைக்குள் 36 ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது.

வரலாற்று மாணவருக்கு இதில் வியப்பில்லை. நிறுவனங்கள் சட்டத்தை மாற்றிய பின்னும் பழைய வழக்கம் அலுவலகத்தின் உள்ளறையில் தொடர்வதை நாம் ஆவணங்களில் பலமுறை கண்டிருக்கிறோம். நிரலும் அவ்வாறே பழையதைச் சுமக்கிறது.

2019 ஏப்ரலில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.0 பதிப்பின் அறிவிப்பு, எஸ்.சி.பி. நெறிமுறை காலங்கடந்தது, எளிதில் சீர்செய்ய இயலாதது என்று வெளிப்படையாகவே கூறி, எஸ்.எஃப்.டி.பி., ஆர்சிங்க் போன்றவற்றைப் பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பில், எஸ்.சி.பி. என்று தட்டச்சிட்டாலும் உள்ளே எஸ்.எஃப்.டி.பி. நெறிமுறையே இயங்கும்படி மாற்றப்பட்டது. ஆகவே உங்கள் கணினியில் உள்ள பதிப்பு எது என்பதைப் பொறுத்து, ஒரே கட்டளை இரண்டு வெவ்வேறு நூற்றாண்டுகளின் மொழியைப் பேசக்கூடும்.

முழுமைக்கு ஒரு கணக்கு

மூன்றாம் கேள்விக்கு, அதாவது முழுமைக்கு, வேறொரு திசையிலிருந்து விடை வந்தது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996 ஜூனில் 'ஆர்சிங்க்' கருவியை வெளியிட்டனர். கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, இரு பக்கமும் எண்களை ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புவது அதன் உத்தி. இறுதியில் முழுக் கோப்புக்கும் எண் ஒப்பிடப்படும். ஒருவர் வாசிக்க மற்றவர் தம் ஏட்டைச் சரிபார்க்கும் பழைய ஒப்புநோக்கலின் கணித வடிவம் என்றே இதைச் சொல்லலாம். 2004இல் வந்த 2.6.0 பதிப்பிலிருந்து இது இயல்பாகவே எஸ்.எஸ்.எச். வழியில் பயணிக்கிறது. ஆயிரக்கணக்கான ஏட்டுப் படங்களை அனுப்புகையில் பாதியில் மின்சாரம் போனால், எஸ்.சி.பி. அரைகுறைக் கோப்பை விட்டுச் செல்லும். தொடர்ந்து அனுப்பும் வசதி அதில் இல்லை. ஆர்சிங்க் மீண்டும் இயக்கப்படும்போது, ஏற்கெனவே சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றை மட்டும் அனுப்பும்.

'ஆம்' என்று தட்டுவதற்கு முன்

எல்லாப் பூட்டும் சாவியும் வந்த பிறகும் ஒரு கேள்வி மனிதரிடமே விடப்பட்டிருக்கிறது. புதிய வழங்கியோடு முதன்முறை இணைகையில் எஸ்.எஸ்.எச். அதன் திறவுகோலின் 'விரல்ரேகை'யைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். அந்த நீண்ட எழுத்துத் தொடரை, நிர்வாகி தொலைபேசியிலோ தாளிலோ தந்ததோடு ஒப்பிட வேண்டும் என்பதே ஏற்பாடு. நடைமுறையில் பெரும்பாலோர் படியாமலே 'ஆம்' என்று தட்டிவிடுகிறோம். அந்த ஒரு கணத்தில் இடையில் வேறொருவர் நின்றிருந்தால், அதன் பின் வரும் மறையாக்கம் முழுவதும் அவருக்கே பணி செய்யும். முதல் அறிமுகம் சரியாக இருந்தால், பின்னர் திறவுகோல் மாறுகையில் நிரலே உரக்க எச்சரிக்கும்.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட நிகழ்வு இதை இன்னும் ஆழமாக உணர்த்தியது. எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நிரலகத்தின் பராமரிப்பாளரிடம் இரண்டாண்டுக்கு மேல் பணிவாக உதவி, நம்பிக்கை பெற்ற ஒருவர், சில லினக்ஸ் கணினிகளின் எஸ்.எஸ்.எச். வழங்கிக்குள் நுழையத்தக்க கள்ளக்கதவை அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைத்துவைத்திருந்தார். நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால் அது அம்பலமாயிற்று. பூட்டு செய்பவரின் பட்டறைக்குள் நுழைந்தவரைக் கண்டுபிடித்ததும் ஒரு மனிதரின் கவனமே.

இக்கருவிகள் நமக்குத் தொலைவில் இல்லை. கேரளப் பொதுப்பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் குனு/லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் இயல்பான நிறுவலிலேயே எஸ்.எஸ்.எச். பயனர் கருவி அடங்கியிருக்கும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் முனையத்தைத் திறந்தால் அது கைக்கெட்டும் தொலைவில் உண்டு. விண்டோஸ் 10இலும் 2018 முதல் அது உடன் வருகிறது.

எல்லைப்புறத் தமிழர் வாழ்வின் சான்றுகளை, தோட்டத் தொழிலாளர் கடிதங்களோ பழைய பள்ளி இதழ்களோ கோயில் கணக்குகளோ எதுவாயினும், மின்வடிவில் வைத்திருக்கும் நண்பர்களிடம் இவ்வளவே கேட்டுக்கொள்கிறேன். அனுப்பும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தனிக் கோப்பில் எழுதிவையுங்கள். வழங்கியின் விரல்ரேகையை நிர்வாகியிடம் கேட்டு ஒப்பிடுங்கள். காலியான புதுக் கோப்புறையில் இறக்குங்கள். பழையதன் மேல் இறக்காதீர்கள். எந்தக் குறியாக்கம், எந்த நாளில் எடுத்த படி, மூலம் யாரிடம் உள்ளது என்பதை ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி உடன் வையுங்கள். எண்கள் பொருந்திய பிறகே பழைய படியை அழிப்பது பற்றி யோசியுங்கள். இடம் இருந்தால் அப்போதும் அழிக்க வேண்டாம்.